வளையம் சொல்லும் சாட்சியம்

ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அதன் என்ஜினைப் பற்றியும், இறக்கையைப் பற்றியும், இவ்விரண்டையும் நம்பி மேகத்துக்கு மேலே போய்வருகிற விமானியின் தைரியத்தைப் பற்றியும் பேசுவார்களே ஒழிய, அதன் உடம்பெங்கும் நிறைந்திருக்கும் துளைகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை ஹேங்கரிலே கழித்துவிட்ட என் போன்றவனுக்கோ, விமானம் என்றதுமே முதலில் ஞாபகத்துக்கு வருபவை அந்தத் துளைகள்தாம். எடையைக் குறைப்பதற்கென்று தகடுகளில் வெட்டிய பெரிய துளைகள் ஒருபுறம் இருக்க, விமானியின் அறையிலுள்ள ஒரு சுவிட்சிலிருந்து வாலின் நுனியில் எரியும் விளக்குவரைக்கும் ஓடுகிற ஒயரும், தொட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயும், சக்கரத்தை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் குழாயும் தத்தம் வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு தடுப்பையும் விலா எலும்பையும் ஊடுருவிச் செல்ல வேண்டியிருப்பதால், அத்தனை இடங்களிலும் துளை தவிர்க்க முடியாததாகிறது.

அந்தத் துளைகளின் விளிம்பிலே உட்கார்ந்திருக்கும் சிறு வளையத்துக்குத்தான் கிராமெட் என்று பெயர். பெரும்பாலும் ரப்பரால் ஆனது. சில இடங்களில் நைலான், சில இடங்களில் டெஃப்ளான். வெளிச்சுற்றில் ஒரு பள்ளம் ஓடும்; தகட்டின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் பொருந்த, வளையம் இருபுறமும் தகட்டைக் கவ்விக்கொள்ளும். ஸ்டோரில் எத்தனையோ விலையுயர்ந்த சாமான்களுக்கு நடுவே, சிறு காகித உறைகளில் அளவு வாரியாகக் கிடக்கும் இந்த வஸ்துவை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கிறவர்கள், இதற்காகவா ஒரு மனிதன் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆச்சரியப்படக்கூடும்.

ஆச்சரியத்துக்கு இடமில்லை. விமானத்தின் விலா எலும்புகளாகவும் தடுப்புகளாகவும் அமைந்திருக்கும் அலுமினியக் கலவைத் தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அவ்வளவு மெல்லிய தகட்டில் துளையிட்டால், அந்தத் துளையின் விளிம்பு ஒரு கத்தியின் வாய்தான். கத்தி சும்மா கிடந்தால் ஒன்றும் அறுபடாது. ஆனால் விமானத்தில் எதுவுமே சும்மா கிடப்பதில்லை. நான் தொழில் பழகிய காலத்தில் டகோட்டாக்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன. 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த டி.சி. 3 வம்சத்தைச் சேர்ந்த அந்த விமானத்தின் என்ஜின், பயண வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 2,050 சுற்றுகள் சுற்றும். அதை 16-க்கு 9 என்ற விகிதத்தில் பற்சக்கரங்கள் குறைத்து, மூன்று இலைகளுள்ள புரொப்பெல்லருக்குக் கொடுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த இலைகள் காற்றை அறைவதனால் விமானத்தின் உடம்பில் உண்டாகும் அதிர்வு விநாடிக்கு ஏறக்குறைய 58 என்று வரும். ஒரு மணி நேரத்தில் 2 லட்சத்துக்கு மேல். சென்னையிலிருந்து டில்லி போய்ச் சேருவதற்குள், துளையின் ஓரத்தில் சாய்ந்திருக்கும் ஓர் ஒயர் எத்தனை லட்சம் தடவை அந்தக் கத்தியின் மேல் இழுபட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதனாலேயே கிராமெட்டைப் பற்றிய விதிகள் கண்டிப்பானவை. தடுப்பை ஊடுருவும் ஒயர்க் கட்டை முதலில் ஒரு கிளாம்ப் போட்டுத் துளையின் நடுவே நிறுத்த வேண்டும். கட்டுக்கும் துளையின் ஓரத்துக்கும் இடையே 3/8 அங்குல இடைவெளி கிடைக்காவிட்டால் கிராமெட்டும் போட வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறையின் பழுதுபார்ப்பு வழிகாட்டி கூறுகிறது. இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே ஒயர்க் கட்டைக் கையால் சாதாரணமாக அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யலாகாது என்பதும் அதைச் சேர்ந்த விதியே. இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும்: ஒயரை அதன் இடத்தில் நிறுத்துவது கிளாம்பின் வேலை, ஒயர் ஒருவேளை இடம் பெயர்ந்துவிட்டால் காப்பாற்றுவது கிராமெட்டின் வேலை. கிராமெட் என்பது இரண்டாவது காவல். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டவன் தொழிலில் பாதியைக் கற்றவன் என்று எங்கள் ஃபோர்மன் சொல்லுவார். அதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கச் சில வருஷங்கள் பிடித்தன.

அவர் பேச்சில் மிகச் சிக்கனமானவர். பயிற்சிக்கு வந்த பையன்கள் துளை போட்ட கையோடு வளையத்தைத் திணிக்கப் போனால், "தம்பி, பிசிர் எடுத்தாச்சா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். துளைக்கருவி தகட்டைத் துளைத்து வெளியேறும் பக்கத்தில் நிற்கும் உலோகப் பிசிரை நன்றாக நீக்கி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, கீழே சிதறிய துகள்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்த பிறகே ரப்பர் உள்ளே போகலாம். அந்தத் துகளில் ஒன்று ஒயர்க் கட்டுக்குள் புகுந்துகொண்டால், அதுவும் ஒரு சிறு கத்தியாகி, எந்த வளையமும் காப்பாற்ற முடியாத இடத்தில் இருந்து தன் வேலையைத் தொடங்கிவிடும்.

ஏற்கெனவே ஒயர் ஓடிக்கொண்டிருக்கும் துளையில் பழைய வளையத்தை எடுத்துப் புதியதைப் போடுவது தனி வித்தை. ஒயர்க் கட்டின் நுனியிலுள்ள பிளக்குகளையெல்லாம் கழற்றி வளையத்தைக் கோத்துக்கொண்டுவருவது பல சமயங்களில் சாத்தியமில்லை. ஆகவே வளையத்தை ஓரிடத்தில் வெட்டித் திறந்து, ஒயரைச் சுற்றி மாட்ட வேண்டும். அந்த வெட்டு நேராக இருக்கக் கூடாது; துளையின் அச்சுக்கு 45 பாகையில் சாய்வாக விழ வேண்டும். மாட்டியபின், வெட்டிய இடம் துளையின் உச்சியில் வரும்படி திருப்பிவைத்துப் பசையிட வேண்டும். காரணம் எளியது. ஒயர்க் கட்டு தொய்ந்தால் கீழ்ப்பக்கமாகத்தான் தொய்யும். வெட்டு கீழே இருந்தால் ரப்பர் வாய் பிளந்து, ஒயர் நேரே தகட்டின்மேல் விழும். சாய்ந்த வெட்டோ, ஒரு முனை மறு முனையின்மேல் படிந்து நிற்பதால் சுலபமாக விலகாது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, டார்ச்சும் கண்ணாடியும் எட்டாத, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல் நுனியின் ஸ்பரிசத்தால் மட்டுமே இந்த வெட்டைத் தேடி உச்சிக்குக் கொண்டுவந்த அனுபவம் இல்லாத மெக்கானிக் இருக்க முடியாது.

ரப்பர் என்ற ஒரே பெயருக்குள் எத்தனை ஜாதிகள் அடங்கியிருக்கின்றன என்பதும் இந்த வளையங்கள் கற்பித்த பாடமே. இயற்கை ரப்பர் நல்ல நெகிழ்ச்சி உடையது. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். நியோப்ரீன் எண்ணெயையும் வெயிலையும் ஓரளவு தாங்கும். பெட்ரோலும் கனிம எண்ணெயும் படும் இடத்துக்கு நைட்ரைல் உகந்தது. சூடு மிகுந்த இடத்தில் சிலிக்கோன் நிலைக்கும், ஆனால் சுலபத்தில் கிழிந்துபோகும். பழைய விமானங்களின் ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பு நிறமான கனிம எண்ணெயாக இருந்தவரையில் இவற்றைக் கொண்டே காலம் தள்ளினோம். 1970-களில் போயிங் ஜெட் விமானங்களில் வேலை செய்ய வந்தபோதோ, எளிதில் தீப்பிடிக்காத ஸ்கைட்ரால் என்னும் ஊதா நிறத் திரவத்தோடு பழக வேண்டியதாயிற்று. கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் கதற வைக்கும் அந்த வஸ்துவுக்கு நியோப்ரீனும் நைட்ரைலும் இரையைப் போல. சில காலத்துக்குள் வளையம் வீங்கி, பிசுபிசுத்து, தொட்ட விரலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். அங்கே எதிலீன் புரொப்பிலீன் ரப்பர்தான் நிற்கும். ஆனால் அதே ரப்பரைக் கனிம எண்ணெய் படும் இடத்தில் போட்டால் அதுவும் ஊதிக் கெடும். இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. உறையின் மேலுள்ள பார்ட் நம்பரையும், எந்த வருஷத்தின் எந்தக் காலாண்டில் வார்த்தது என்ற குறிப்பையும் படிக்காமல் வளையத்தை எடுக்கிறவன், சீசாவின் சீட்டைப் படிக்காமல் மருந்து கொடுக்கிறவனுக்குச் சமானம்.

ரப்பரே கூடாத இடமும் ஒன்று உண்டு. என்ஜினுக்கும் மனிதர்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவே நிற்கும் தீச்சுவர், சிறிய விமானங்களில் 0.015 அங்குல கனமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடாக இருக்கும். அந்தச் சுவர் ஏறக்குறைய 1,100 டிகிரி சென்டிகிரேடு ஜுவாலையைக் கால் மணி நேரம் தாங்க வேண்டும் என்பது பரீட்சை. சுவர் தாங்கும், ஆனால் அதிலுள்ள துளையில் வெறும் ரப்பர் வளையம் இருந்தால், அது சீக்கிரமே எரிந்துபோக, அந்தத் துளையின் வழியாகவே நெருப்பு உள்ளே எட்டிப் பார்க்கும். அதனால்தான் தீச்சுவரின் ஒவ்வொரு திறப்பும், நெருங்கிப் பொருந்துகிற, தீயைத் தாங்குகிற கிராமெட்டினால் அல்லது அதற்கு ஒப்பான பொருத்தியால் அடைக்கப்பட வேண்டும் என்று சட்ட வாசகமே கிராமெட்டைப் பெயர் சொல்லி விதிக்கிறது. புதிதாக ஒரு ரேடியோவையோ மீட்டரையோ பொருத்துகிறவர்கள், ஒயருக்கு வழி தேடித் தீச்சுவரில் ஒரு துளையிட்டு, கைக்குக் கிடைத்த ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டுப் போன விமானங்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை பார்வைக்கு வெகு சுத்தமாக இருக்கும்.

துணி போர்த்திய விமானங்களில் கிராமெட்டின் தர்மம் முற்றிலும் வேறு. டைகர் மாத்திலும், பெங்களூரில் தயாராகி 1958-இல் முதன்முதல் பறந்த புஷ்பக்கிலும், இறக்கையை மூடிய துணியின் அடிப்புறத்தில், தண்ணீர் தேங்கக்கூடிய தாழ்ந்த இடம் பார்த்து, சிறு வளையங்களை டோப் என்னும் பூச்சினால் ஒட்டி, காய்ந்த பிறகு வளையத்துக்குள் இருக்கும் துணியைக் கூரிய கத்தியால் வட்டமாக வெட்டி எடுப்போம். உள்ளே சேரும் ஈரம் வடிவதற்கும் காற்று உலாவுவதற்கும் அதுவே வாயில். நீரில் இறங்கும் விமானங்களுக்கு, தெறிக்கும் தண்ணீர் உள்ளே புகாதபடி சிறு கூரை வைத்த வளையங்களும் உண்டு. கடலோர நகரம் ஒன்றில் இருந்த ஒரு பயிற்சிக் கழகத்தில், வர்ணம் பூசும் ஆட்கள் அழகு பார்த்து அடிப்புறத்தில் கனமாகப் பூச, அந்த வாயில்களில் பல அடைபட்டுப் போயின. ஐப்பசி மழை முழுவதும் வெளியே நின்ற விமானத்தின் இறக்கை நுனியைப் பிடித்து மெல்ல அசைத்தபோது, உள்ளே சளசளவென்று தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு குண்டூசியால் அடைப்பைக் குத்தியதும் பழுப்பு நிறத்தில் நீர் ஒழுகிற்று. இறக்கையிலாவது அது வெறும் பாரம், மெதுவாக வரும் உளுப்பு. இறக்கையின் பின்னோரத்தில் அசையும் அய்லரானில் அதே தண்ணீர் தேங்கினால் அதன் எடைச் சமநிலை கெட்டு, வேகத்தில் படபடத்து முறிந்துபோகவும் கூடும்.

இனி, ஃபோர்மன் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கிய சந்தர்ப்பத்தைச் சொல்லுகிறேன். சரக்கு ஏற்றும் பழைய இரட்டை என்ஜின் விமானம் ஒன்றில், இறங்கும் சமயத்தில் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குரிய பச்சை விளக்கு எரியவில்லை என்று விமானி எழுதிக் கொடுத்தார். பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது. புதிய ஃபியூஸ் போட்டோம். விமானத்தை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை மடக்கி விரித்துப் பார்த்தோம். விளக்கு ஒழுங்காக எரிந்தது. நாலைந்து நாளில் அதே புகார். இன்னொரு கோஷ்டி பல்பை மாற்றிற்று. பிறகு சக்கரத்தின் அருகிலுள்ள சுவிட்சையே மாற்றினார்கள். தரையில் ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்தது. ஆகாயத்தில் போய்த்தான் அணைந்தது. விமானி நிலையத்தின்மேல் வட்டமிட்டு, சக்கரம் இறங்கியிருக்கிறதா என்று கோபுரத்திலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்லி, அதன் பிறகே இறங்க வேண்டியிருந்தது.

தரையில் இல்லாதது ஆகாயத்தில் இருப்பது எது என்று யோசித்தால், விடை அதிர்வுதான். சக்கரம் மடங்கும் குழிக்குள் படுத்துக்கொண்டு, ஒயர் போகும் வழியெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டு போனேன். ஒரு விலா எலும்பின் துளையில், வளையத்தின் கீழ்ப்பாதியில் கரும்பொடி படிந்திருந்தது. அலுமினியம் உராய்ந்தால் வெண்மையாகப் பொடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. உராய்ந்த அலுமினியத்தின் பொடி கறுப்பாகத்தான் இருக்கும். ஒயர்க் கட்டை மெல்ல உயர்த்தினேன். ரப்பரில் ஒயரின் அளவுக்குச் சரியாக ஒரு வாய்க்கால். அதன் அடியில் ரப்பர் தீர்ந்து, தகட்டின் விளிம்பு மின்னிற்று. அந்த விளிம்பு பட்ட இடத்தில் ஒரே ஓர் ஒயரின் உறை அறுபட்டு, உள்ளே தாமிரம் நகக்கண் அளவு தெரிந்தது. விமானம் அதிர்கிறபோது தாமிரம் தகட்டைத் தொடும், ஃபியூஸ் போகும், அதிர்வு நின்றால் விலகிக்கொள்ளும்.

ஒயரைச் சரி செய்து, புதிய வளையத்தைப் போட்டு முடித்துவிடலாம் என்று உறையைப் பிரித்தேன். ஃபோர்மன் குனிந்து பார்த்துவிட்டு, "வளையத்தை அப்புறம் மாத்திக்கலாம். கட்டு அங்கே ஏன் போய்ச் சாஞ்சுது, அதை முதல்ல பாருப்பா" என்றார். பார்த்தேன். இரண்டு அடி முன்னாலிருந்த கிளாம்ப், இருக்க வேண்டியதைவிட ஓர் அளவு பெரியது. எப்போதோ அந்தப் பக்கத்தில் ஹைட்ராலிக் குழாய் மாற்றியபோது, யாரோ ஒயர்க் கட்டைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டும்போது கையில் இருந்த கிளாம்பைப் போட்டுவிட்டார்கள். அதற்குள் ஒயர்க் கட்டு தளர்ந்து, வழுகி, தன் பாரத்தையெல்லாம் அடுத்த தாங்கலான அந்த வளையத்தின்மேல் இறக்கிவிட்டது. புதிய வளையத்தை மட்டும் போட்டிருந்தால், அதுவும் அதே வழியில் தேய்ந்து, ஒரு வருஷத்துக்குள் இன்னொரு மெக்கானிக்கை அதே குழிக்குள் படுக்க வைத்திருக்கும். அன்றைக்கே அந்தக் கம்பெனியின் மற்ற விமானங்களிலும் அதே இடத்தைத் திறந்து பார்க்கும்படி அவர் உத்தரவிட்டார். இன்னொன்றிலும் அதே பெரிய கிளாம்ப் இருந்தது, ரப்பரில் வாய்க்கால் அப்போதுதான் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அது முதல் தேய்ந்த கிராமெட்டை நான் பழுதாகக் கருதுவதில்லை, சாட்சியாகக் கருதுகிறேன். அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஆழமாகவா அகலமாகவா, ரப்பர் வெடித்திருக்கிறதா, ஊதியிருக்கிறதா, கண்ணாடிபோல் இறுகியிருக்கிறதா என்று கேட்டால், அது ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும். கீழே தேய்ந்தால் கிளாம்ப் தளர்ந்தது. பக்கத்தில் தேய்ந்தால் ஒயர்க் கட்டை யாரோ தவறான வளைவில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஊதியிருந்தால் மேலே எங்கோ ஒழுக்கு. இறுகி வெடித்திருந்தால் பக்கத்தில் சூட்டுக் குழாய். சாட்சியை விசாரிக்காமல் குப்பையில் போட்டுவிட்டுப் புதியவனைக் கூண்டில் நிறுத்துவதனால் வழக்குத் தீராது.

பின்னாளில், ஒயர்களின் உறை மாறிற்று. பருத்தி நூலும் ரப்பரும் போய், பிளாஸ்டிக் வந்து, பிறகு டெஃப்ளானும் கேப்டானும் வந்தன. கேப்டான் மெலிதானது, எடை குறைந்தது, சூட்டைத் தாங்குவது. ஆனால் ஓரிடத்தில் உறை அறுந்து மின்பொறி பறந்தால், அந்த இடம் கரியாகி, அந்தக் கரியே மின்சாரத்துக்கு வழியாகி, பக்கத்து ஒயர்களுக்கும் பரவக்கூடிய சுபாவம் அதற்கு உண்டு. 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில், 50,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த பழைய போயிங் 737 விமானங்களின் இறக்கைத் தொட்டிக்குள் பம்புக்குச் செல்லும் ஒயர்களை, மறுபடி பறப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை உத்தரவிட்டது. குழாய்க்குள் டெஃப்ளான் உறையோடு கிடந்த ஒயர்கள் அதிர்வில் உராய்ந்து தேய்ந்திருந்தன. அதே வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி, சுவிஸ்ஏர் விமானம் 111 கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்து 229 பேர் மாண்டனர். ஒயர் ஒன்றில் பறந்த பொறி, எளிதில் பற்றக்கூடிய உட்போர்வையில் தீயை மூட்டியிருக்க வேண்டும் என்பது நீண்ட விசாரணையின் முடிவு.

இம்மாதிரி விபத்துகள் கொடுத்த அடியினால், ஒயர் என்பது ஏதோ ஒரு கருவியைச் சேர்ந்த வால் என்ற எண்ணம் மாறி, ஒயரும், அதன் உறையும், அதைத் தாங்கும் கிளாம்பும், அழுத்த அறையின் சுவரை அது கடக்கும் இடத்திலுள்ள அடைப்பும் சேர்ந்தது தனி ஓர் அங்கம் என்று 2007-இல் அமெரிக்காவில் விதி செய்தார்கள். இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைத் தனிப் பாடமாகவே போதிக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது அவர்களிடம் போய்ப் பேசுவதுண்டு. "ஐயா, கிராமெட்டை எப்போது மாற்ற வேண்டும்?" என்று யாராவது ஒரு பையன் கேட்காமல் இருப்பதில்லை. தேய்ந்தவுடன் மாற்று என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்கு நான் வேண்டியதில்லை. மாற்றிய பிறகு, பழைய வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துளைக்கு இரண்டு பக்கமும் அடுத்த கிளாம்ப் வரைக்கும் ஒயரை விரலால் தடவிக்கொண்டு போய்ப் பார். காரணத்தைக் கண்டுபிடித்து ஏட்டில் எழுது. அதே மாதிரி விமானம் இன்னொன்று இருந்தால் அதையும் திறந்து பார். அதன் பிறகே கையெழுத்துப் போடு என்று சொல்லி அனுப்புகிறேன்.